ஒன்றாம் தேதி வந்த வாடகை

வாங்கக் கூடாத வாடகையைக் கண்டக்டர் வாங்கியது ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு நாற்பதுக்கு. வாங்கினார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவர் பாட்டுக்கு மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியில் ஈரத்துண்டை உலர்த்திக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் ஃபோன் ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ஒன்பதாயிரம் வரவு, குறிப்பு, 'கீழ்வீட்டு வாடகை'. அவ்வளவுதான், கட்டைவிரல் தானாக நகர்ந்து கீழ்வீட்டு மாஸ்டருக்கு ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டது. 'வாடகை பெற்றுக்கொண்டேன். நன்றி.'

அனுப்பிய பிறகுதான் மண்டையில் உறைத்தது. துண்டு நழுவிக் கீழே மாஸ்டர் வீட்டு வாசலில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் சீட்டுக் கிழித்தவர். காசு கைக்கு வந்தால் அடுத்த நொடி சீட்டு கிழிய வேண்டும்; இல்லையென்றால் அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறுவார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், நெரிசலில் ஒரே ஒரு ஆளுக்குச் சீட்டுக் கொடுக்க மறந்து, பதினைந்து நாள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு மறந்ததே இல்லை. ஓய்வு பெற்ற பின்னும் பால்காரனிடம் மீதி வாங்கினால் 'சரியா இருக்கு' என்று சொல்லாமல் அவரால் கதவைச் சாத்த முடியாது. மகள் இரண்டு வருஷத்துக்கு முன் ஃபோனில் பணம் வாங்கும் வசதியைப் போட்டுக் கொடுத்து, "இனிமே வாடகைக்கு நீங்க யார் கதவையும் தட்ட வேண்டாம்பா" என்றாள். அன்றிலிருந்து மாதம் தவறாமல் மாஸ்டருக்கு இந்த ஒரு வரி போய்க்கொண்டிருந்தது.

ஆனால் இந்த மாதம் போகக் கூடாது.

காரணம் மருமகன். லிஃப்ட் மெக்கானிக். நான்கு மாதத்துக்கு முன் ஒரு கட்டடத்தில் வேலை பார்க்கும்போது தவறி விழுந்து இடுப்பெலும்பும் வலது தொடையெலும்பும் முறிந்துபோயின. இரண்டு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மகள் குடியிருப்பதோ ஐந்தாவது மாடி, அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. 'ஊருக்கெல்லாம் லிஃப்ட் போட்டவன் வீட்டுக்கு ஏணிதான்' என்று மருமகனே சிரிப்பான். ஆறு மாதமாவது தரைத்தளத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்டக்டருக்கு இருப்பது ஒரு வீடு. மாடியில் ஒரு அறையும் சமையலறையும். அதில் அவரும் மனைவியும். மேலே போக வெளிப்புறமாகப் பதினேழு இரும்புப் படி, நடுவில் ஒரு திருப்பம். கீழே ஹாலும் இரண்டு அறையும். அதில் டியூஷன் மாஸ்டர், அவர் மனைவி, சாயங்காலமானால் நாற்பது மாணவர்கள். வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். "நாற்பது பேரை அந்த ஒத்த ரூம்ல எங்க சார் அடுக்கறது?" என்றார் மாஸ்டர்.

ஆகவே வக்கீல், ஆகவே நோட்டீஸ். முப்பதாம் தேதியோடு கெடு முடிந்தது. புதன்கிழமை மனுப் போடுவதாக ஏற்பாடு. "நோட்டீஸ் சுத்தமா இருந்தா அவரோட வக்கீலே 'பேசாம காலி பண்ணிடுங்க'ன்னு சொல்லிடுவார். ஒண்ணே ஒண்ணு. கெடு முடிஞ்சப்புறம் சல்லிக்காசு வாங்கக் கூடாது. வாங்கினா, குடித்தனத்தை நீங்களே நீட்டிச்சதா ஆயிடும்," என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கண்டக்டர் அதற்கு ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். மாஸ்டர் பணத்தை நீட்டுவார். இவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, 'மன்னிக்கணும் மாஸ்டர், வாங்கறதுக்கில்லை' என்பார். கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தாயிற்று. ஃபோனுக்குக் கையைப் பின்னால் கட்டத் தெரியாது என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

அனுப்பிய வரியை அவசர அவசரமாக அழித்தார். அழித்த இடத்தில், 'இச்செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குக் கீழே மாஸ்டரிடமிருந்து ஒரு படம் வந்து விழுந்தது. இவர் அனுப்பிய வரியை அழிப்பதற்கு முன்பே எடுத்த படம். கூடவே, 'நன்றி சார்.'

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நன்றி வேற சொன்னீங்களா?"

"பழக்கதோஷம்."

"கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம். எனக்கு ஒரு தடவை நன்றி சொல்லியிருக்கீங்களா? நாம காலி பண்ணச் சொன்ன ஆளுக்குச் சொல்றீங்க."

வக்கீல் ஃபோனை எடுக்க ஒன்பது மணி ஆயிற்று. அதுவரை கண்டக்டர் அறைக்கும் படிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"வாடகை எப்படி வாங்கறீங்கன்னு நான் கேட்கல. நீங்களும் சொல்லல," என்றார் வக்கீல். "பணம் வந்ததைக்கூடச் சமாளிச்சிடலாம். என் அனுமதி இல்லாம வந்துச்சு, உடனே திருப்பிட்டேன்னு சொல்லலாம். நீங்க நன்றி சொல்லியிருக்கீங்களே."

"அது மரியாதைக்குச் சொல்றது சார்."

"கோர்ட்டுல அதுக்குப் பேர் ரசீது. சரி, இப்போ ஒரே வழிதான். இன்னைக்குள்ள அந்தப் பணம் முழுசா அவர்கிட்டத் திரும்பிப் போகணும். பழக்கத்துல பதில் போட்டுட்டேன், வாடகையா ஏத்துக்கலைன்னு ஒரு வரியும் போகணும். நாளைக்குன்னு தள்ளிப்போட்டா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்லை."

திருப்பி அனுப்புவதில் என்ன கஷ்டம், வந்த வழியே போகவேண்டியதுதானே என்று நினைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்பதாயிரம் என்று அழுத்தினார். இந்த நபருக்கு நீங்கள் முதல்முறை அனுப்புவதால் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு இரண்டாயிரம்தான் அனுப்பலாம் என்றது ஃபோன்.

"வாங்கும்போது இப்படியெல்லாம் கேட்கலையே," என்றார் மனைவியிடம்.

"வர்ற ஆளுக்குக் கதவு ஒண்ணு, போற ஆளுக்கு ஒண்ணா? உங்க பஸ்ஸு மாதிரி."

"ரெண்டாயிரத்தையாவது அனுப்பட்டுமா?"

"அனுப்பினா மிச்ச ஏழாயிரத்தை வாடகையா எடுத்துக்கிட்டதா ஆகாதா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வங்கிக்கு ஓடினார்.

வங்கியில் சீட்டு எடுத்துவிட்டு ஐம்பது நிமிஷம் உட்கார்ந்தார். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்குத் தன் மகள் வயதுதான் இருக்கும் என்று பட்டது. பொறுமையாகக் கேட்டாள்.

"வந்த பணத்தை நீங்களே வந்த இடத்துக்கு அனுப்ப முடியாதாம்மா?"

"அனுப்பினவங்க கேட்டாத்தான் சார் நாங்க ஏதாவது செய்ய முடியும். அதுவும் தப்பா அனுப்பிட்டேன்னு அவங்க எழுதிக் குடுக்கணும்."

"அவர் சரியாத்தான் அனுப்பியிருக்கார். நான்தான் தப்பா வாங்கிட்டேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்படி ஒரு படிவம் இல்லை சார்."

"அடுத்த மாசமும் அனுப்புவார். இந்த ஆள்கிட்டேருந்து வராம தடுக்க முடியுமா?"

"கணக்கை மூடினாத்தான் முடியும். உங்க ஓய்வூதியம் இதுலதான் வருது." திரையைப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். "சார், உங்க வாடகைக்காரர் கடை வச்சிருக்காரா?"

"டியூஷன் மாஸ்டர்."

"பணம் வந்தது ஒரு நோட்டுப் புத்தகக் கடைக் கணக்கிலேருந்து. உங்க ஃபோன்லயே இந்த வரியை அழுத்தினா வரும், பாருங்க."

அழுத்தினார். வந்தது. மாஸ்டரின் மச்சான் கடை. போன மாதம், அதற்கு முந்தின மாதமெல்லாம் மாஸ்டர் பெயர்தான் இருந்தது. இந்த மாதம் மட்டும் மச்சான். வங்கி வாசலிலேயே நின்று வக்கீலைக் கூப்பிட்டார்.

"ஆள் விவரமானவர்தான்," என்றார் வக்கீல், ஏதோ எதிராளியின் ஆட்டத்தை ரசிப்பவர் போல. "கடைக்குத் திருப்பினா, 'எனக்கு வரவே இல்லையே'ன்னு மாஸ்டர் சொல்லுவார். 'நான் வாடகைக்காரனே இல்லையே, எனக்கெதுக்கு அனுப்பினாங்க'ன்னு மச்சான் சொல்லுவார். நீங்க பணமா எடுத்துக்கிட்டுப் போய் மாஸ்டர் கையிலயே குடுங்க. சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கட்டும். வாங்கலைன்னா வாங்கலைங்கறதையாவது எழுதி வைப்போம்."

மறுபடி சீட்டு, மறுபடி வரிசை. ஒன்பதாயிரத்தை எண்ணி வாங்கி, பழக்கத்தில் "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயை நொந்துகொண்டே வெளியே வந்தார். தெருவில் நடக்கும்போது மகள் கூப்பிட்டாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி கிளம்பும் என்றாள். "கீழ்வீடு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். "ஆகிட்டிருக்கும்மா," என்றார். அந்தப் பொய்யோடு வீடுவரை நடந்தார்.

மாஸ்டர் வெளியே போயிருந்தார். சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் சத்தம் கேட்டது. கண்டக்டர் சாட்சிக்கு மனைவியையே அழைத்துக்கொண்டு இறங்கினார். வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு. ஹால் முழுக்கப் பாய். பாய் முழுக்கத் தலைகள். கரும்பலகையில் பாதிக் கணக்கு நின்றிருந்தது. மாஸ்டர் சுண்ணக்கட்டியோடு வாசலுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், பேசிப் பேசித் தொண்டை கட்டிய குரல்.

கண்டக்டர் நோட்டுக் கட்டை நீட்டினார். "மாஸ்டர், காலையில வந்தது. திருப்பித் தர்றேன்."

மாஸ்டர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "மன்னிக்கணும் சார். வாங்கறதுக்கில்லை."

கண்ணாடி முன்னால் நின்று தான் சொன்ன அதே சொல்.

"மச்சான் பேர்ல அனுப்பறதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?" என்றாள் மனைவி.

"எல்லாருக்கும் ஒரு வக்கீல் இருக்காரும்மா."

"மாஸ்டர்," என்றார் கண்டக்டர், "நான் வீட்டை விக்கப் போறதில்லை. அதிக வாடகைக்கு வேற ஆளுக்கு விடப் போறதும் இல்லை. மருமகன் படுக்கையில இருக்கான். உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார். எனக்கு நாற்பது பேர். ஏழு வாரத்துல பரீட்சை. இப்போ எழுப்பிவிட்டா பாதிப் பேர் வேற மாஸ்டர்கிட்டப் போயிடுவாங்க, மீதிப் பேர் ஃபெயிலாயிடுவாங்க. நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. பதினோரு வீடு பார்த்தேன். வாசல்ல நாற்பது ஜோடி செருப்பு கிடக்கும்னு சொன்னதும் பதினோரு பேரும் கதவைச் சாத்திட்டாங்க. நீங்கதான் சார் இத்தனை வருஷம் சாத்தாம இருந்தீங்க." குரலைத் தாழ்த்தினார். "பரீட்சை முடிஞ்ச மறுநாள் சாவி உங்க கையில இருக்கும்."

"அதை எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்தா அதையே வச்சு நாளைக்கே என்னை இறக்கலாம்னு என் வக்கீல் சொல்றார்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு அடங்கியது. உள் அறையின் நிலையில் சாய்ந்தபடி மாஸ்டரின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பணம் கண்டக்டரின் சட்டைப்பைக்கே திரும்பியது. வக்கீல் மறுநாள் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: அந்த நன்றி வரி மாஸ்டர் கையில் இருக்கும்போது மனுப் போட்டால் தோற்றுப்போகும்; புதிதாக நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் காத்திருப்பதுதான் மேல். கடைசியாக ஒன்று சேர்த்துக்கொண்டார். "ஆத்திரத்துல அவர் பக்கம் காலை வச்சுடாதீங்க. இப்போ சட்டப்படி அது அவர் வீடு. அத்துமீறி நுழைஞ்சார்னு புகார் குடுப்பார். அவர் கூப்பிட்டாக்கூட எழுதி வாங்காம உள்ள போகாதீங்க."

புதனும் போயிற்று. கண்டக்டருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. பதினேழு படியையும் நூலால் அளந்தார். திருப்பத்தில் இரண்டரை அடி. எத்தனை தடவை அளந்தாலும் இரண்டரை அடிதான்.

வியாழக்கிழமை வண்டி பன்னிரண்டுக்கு வந்தது. உச்சி வெயில். கூட வந்த இரண்டு ஆட்களும் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுலயா ஏத்தணும்?"

"ஏத்திடலாம்," என்றார் கண்டக்டர், பஸ்ஸில் இடமே இல்லாதபோது சொல்லும் அதே குரலில்.

மருமகன் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி படியைப் பார்த்தான். முகம் பாதியாகிப் போயிருந்தது. "மாமா, இங்க ஒரு லிஃப்ட் போட்டுத் தர்றேன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்னேன். கரன்ட் பில்லைச் சொல்லித் தட்டிக்கழிச்சீங்க."

பட்டையால் அவனை இறுக்கிக் கட்டித் தூக்கினார்கள். எட்டுப் படிவரை சரியாகப் போனது. திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரின் கால்பக்கம் கம்பியில் முட்டியது. சாய்த்துப் பார்த்தார்கள். மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மறுபடி சாய்த்தபோது அவனிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு மகள், "இறக்குங்க, இறக்கிடுங்க," என்று ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டாள். இறக்கினார்கள். படிக்கும் மாஸ்டர் வீட்டு வாசலுக்கும் நடுவில் இருந்த சிமென்ட் தரையில் வைத்தார்கள். மகள் துப்பட்டாவை விரித்து அவன் முகத்துக்கு நிழல் பிடித்தாள்.

"நான்தான்பா அந்தக் கருமத்தை உங்க ஃபோன்ல போட்டுக் குடுத்தேன்," என்றாள். அப்பா முகத்தை அவள் பார்க்கவில்லை.

"வண்டி அடுத்த ஆளுக்குப் போகணும்," என்றார் வந்தவர்களில் ஒருவர். "இங்கேயே விட்டுட்டுப் போக முடியாது. திருப்பிக் கொண்டுபோகவா?"

ஆஸ்பத்திரியில் அவன் படுக்கைக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

அப்போது மாஸ்டர் வீட்டு வாசல் கதவு இரண்டும் திறந்தன. மாஸ்டரின் மனைவி நின்றாள். பாய்களையெல்லாம் சுருட்டி ஓரமாக வைத்திருந்தாள். ஹால் நடுவே ஒரு கட்டில். அவர்கள் படுக்கும் கட்டிலாகத்தான் இருக்கவேண்டும்.

"உள்ள கொண்டுவாங்க," என்றாள்.

மாஸ்டர் பின்னால் ஓடிவந்தார். "இரு, இரு. ஒரு வார்த்தை வக்கீலைக் கேட்டுக்கறேன்."

"கேளுங்க. அவரா வந்து தூக்கப்போறாரு?"

மாஸ்டர் ஃபோனைக் காதில் வைத்தார். கண்டக்டரும் வைத்திருந்தார். வாசலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இரண்டு பேருக்கும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வக்கீல்களும் எடுக்கவில்லை. அதற்குள் ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கியிருந்தார்கள். ஒரு முனையில் மகள், மறு முனையில் மாஸ்டரின் மனைவி கை கொடுத்தாள். கண்டக்டரின் மனைவி மருந்துப் பையோடு பின்னால் போனாள். வாசற்படியைத் தாண்டும்போது மட்டும் திரும்பி, "எழுதி வாங்கிக்கிட்டு மெதுவா வாங்க," என்று புருஷனிடம் சொன்னாள்.

அவர் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார். ஒரு வரி தெரியாத்தனமாக எழுதிப் பட்டது போதும் என்று இருந்தது. மாஸ்டரும் உள்ளே போகாமல் நிலைக்கு அந்தப்புறம் நின்றுகொண்டிருந்தார்.

"பாடம் எங்க நடத்துவீங்க?" என்றார் கண்டக்டர்.

"உள் ரூம் ரெண்டும் இருக்கு. இருபது, இருபதா பிரிச்சுக்கறேன். சத்தம் இருக்கும்."

"அவனுக்குச் சத்தம் பழக்கம்தான்." கொஞ்சம் தயங்கினார். "ஹாலுக்காக வாடகையில மாசம் எவ்வளவு திருப்பித் தரட்டும்?"

மாஸ்டர் உள்ளே பார்த்தார். மகள் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டிருந்தாள்.

"எதுவா இருந்தாலும் கையில குடுங்க சார். ஃபோன்ல அனுப்பிடாதீங்க. அப்புறம் நான் உங்களுக்கு வாடகைக்கு விட்டதா ஆயிடும்."

"பரீட்சை முடிஞ்ச மறுநாள் சாவி?"

"தர்றேன்."

"எழுத வேண்டாம்?"

"எழுத வேண்டாம். நீங்க புது நோட்டீஸ் அனுப்புவீங்களா?"

கண்டக்டர் மாடிப்படித் திருப்பத்தைப் பார்த்தார். வக்கீல் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். ஏழு வாரம் கழித்து மாஸ்டர் வாக்கு மாறினால், இன்று அனுப்பாத நோட்டீஸுக்கு அன்று மறுபடி மூன்று மாதம். அனுப்பினால் இந்தக் கதவு இன்று மாலையே சாத்திக்கொள்ளலாம். இரண்டாம் வருஷத்து அந்த ஒரே ஆளைத் தவிர, முப்பத்தொரு வருஷத்தில் சீட்டு இல்லாமல் யாரையும் ஏற்றிக்கொண்டு போனதில்லை அவர்.

"அனுப்பலை," என்றார்.

மாஸ்டர் தலையசைத்தார். அவர் முகத்திலும் நிம்மதி ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றுகொண்டிருக்க, உள்ளேயிருந்து மாஸ்டரின் மனைவி குரல் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க. கட்டிலைச் சுவரோரம் தள்ளணும், ஒரு கை பிடிங்க."

மாஸ்டர் விலகி வழிவிட்டார். கண்டக்டர் தெருப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.